கடைசிப் பக்கத்து நன்றி

இரும் பிள்ளை. அந்தக் கதிரையில் வேண்டாம், கண்ணாடித் துகள் கிடக்கும். இதில் இரும். படிவத்தை மேசையில் வையும். பேனையை என்னிடம் நீட்ட வேண்டாம். நான் கையெழுத்து வைக்கப் போவதில்லை. முதலே சொல்லிவிட்டேன். பிறகு குழுவில் போய், ஐயா முதலே சொல்லவில்லை என்று சொல்லக்கூடாது.

அங்கிள் என்றும் கூப்பிட வேண்டாம். உம்முடைய தகப்பனை எனக்குத் தெரியாது. ஸ்காபரோ முழுக்க என்னை அச்சகத்து ஐயா என்றுதான் சொல்லும். நீரும் அப்படியே சொல்லும்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரை. என் கடைக் கண்ணாடியில் சுட்டார்கள். ஒரு வெடி. அதோ, கதவுக்குப் பக்கத்தில், துண்டுப்பிரசுரம் ஒட்டியிருக்கிறதே, அதற்கு நடுவால் போனது. யார் சுட்டது, நான் கண்டேனோ என்று கேட்க உம்மை அனுப்பியிருக்கிறார்கள். நான் காணவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து தாள்கட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். எழுதும். காணவில்லை.

மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்களோ? சொல்லுவார்கள். இந்தப் பிளாசாவில் பதினொரு கடை. பதினொரு கடைக்கும் கண்ணாடி. மரக்கறிக் கடை இரத்தினம் அந்த நேரம் வாசலில் நின்று முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தவன். அவனுக்கும் தெரியவில்லையாம். முருங்கைக்காய்க்குப் பின்னால் ஒளிந்து நின்றானாக்கும். எங்கள் சனம் இதுதான். கோயிலில் யார் புதுச் சங்கிலி போட்டு வந்தது என்று கேளும், பவுண் கணக்கோடு சொல்லும். துவக்கோடு வந்தவனைக் கேட்டால் எல்லாருக்கும் கண்ணில் பூ விழுந்துவிடும்.

நான் வேறு. நான் உண்மையாகவே மேசைக்குக் கீழே இருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சாட்சி வேண்டும் என்கிறீர். ஒரே ஒரு ஆள் எழுதிக் கொடுத்தால் அந்தத் துவக்கைப் பிடுங்கலாம், இல்லாவிட்டால் அது அடுத்த கண்ணாடிக்குப் போகும், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருக்கும் என்கிறீர். நல்ல பேச்சு. அந்தப் பேச்சை உங்களுக்கு எழுதிக் கொடுத்தது யார் தெரியுமோ? நான். உம்முடைய கையில் இருக்கிற படிவத்தைக்கூட நான்தான் அடித்தேன். கீழே பாரும், மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். நல்லதம்பி அச்சகம். என்னிடமே கொண்டுவந்து நீட்டுகிறீர்.

உமக்குப் பழைய கதை தெரியாது. தெரியாமல்தான் அனுப்பியிருக்கிறார்கள். கேளும். தேத்தண்ணி வரும். என் மனிசி உள்ளே போடுகிறா.

இங்கே இரண்டு கோஷ்டி. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று பாலத்துக்கு அந்தப் பக்கம். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்களை நான் சொல்ல மாட்டேன். முதலில் தங்களுக்குள் கையால் அடிபட்டார்கள். பிறகு மட்டை. பிறகு வாள். கடைசியில் துவக்கு. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டிக் கனடாவுக்கு வந்த சனம் நாங்கள். வந்த இடத்தில் எங்கள் பெடியள் அதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். இதை எங்கே போய்ச் சொல்ல?

போன ஆனி மாதம், பின்னேரம் நாலு மணி, நல்ல வெய்யில். இதே பிளாசாவில், அந்தக் கோப்பிக் கடை வாசலில் அருளம்பலத்தின் மகனைச் சுட்டார்கள். துஷ்யந்தன். பத்தொன்பது வயது. கோப்பி வாங்கிக்கொண்டு வந்தவன், கோப்பியோடு விழுந்தான். வாகனத் தரிப்பிடத்தில் குறைந்தது இருபது பேர் நின்றார்கள். ஒருவரும் ஒன்றையும் காணவில்லையாம்.

அதற்குப் பிறகுதான் இந்தக் குழு. பொலிசும் சனமும் சேர்ந்த குழு. மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை, ஆறு மணி, கோயில் மண்டபம். மார்ட்டின் என்று ஒரு பொலிஸ்காரன். பனை உயரம். மண்டபத்துக்குள் வரும்போதெல்லாம் வாசல் நிலையில் நெற்றியை இடிப்பான். வெறும் கையோடு வருவான், வடை தின்பான். மனிதன் மோசமில்லை. என்னைத் தேடி வந்து, மிஸ்டர் நல்லா, நீர் குழுவில் இருக்கவேண்டும் என்றான். ஏன் என்னை? இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்தில் என் அச்சகப் படி ஏறாத வீடு இல்லை. பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு அட்டை, கலியாண அட்டை, கல்வெட்டு. எல்லாருடைய நல்லது கெட்டதும் என் கையால்தான் போகும்.

கல்வெட்டு தெரியாதோ? இங்கே பிறந்த பிள்ளையோ? சரி. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வருகிற சனத்துக்குச் சாப்பாடும், ஒரு எவர்சில்வர் கிண்ணமும், ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். முகப்பில் செத்தவரின் படம். உள்ளே தேவாரம், வம்ச வரலாறு, மனைவி மக்கள் புலம்பல். புலம்பலை எழுதுவதும் நான்தான். கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். மலர்வளையம் வைத்தவர், சமைத்தவர், கார் ஓட்டினவர், தொலைபேசியில் அழுதவர், எல்லார் பெயரும்.

சனம் கல்வெட்டைப் பின்னுக்கிருந்துதான் வாசிக்கும். தேவாரத்தை யார் பார்க்கிறான்? கடைசிப் பக்கம். தன் பெயர் இருக்கிறதோ, மச்சானின் பெயர் தனக்கு மேலே நிற்கிறதோ. அதைப் பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைக்கும்.

குழுவுக்கு நான் செய்தது போல் ஒருவனும் செய்யவில்லை. அந்தத் துண்டுப்பிரசுரம் நான் எழுதி, நான் அடித்து, நானே கடை கடையாகக் கொடுத்தேன். 'கண்டதைச் சொல்லுங்கள்.' மண்டபத்தில் எழும்பி நின்று கேட்டேன். வாய் எதற்கு, வடை தின்னவோ? நாளைக்கு உங்கள் பிள்ளை விழுந்து கிடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் யன்னல் சீலையை இழுத்து மூடினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் அழுதார்கள்.

அடுத்த நாள் காலை கடை திறக்க முன்னமே இராசமலர் வாசலில் நின்றா. இதே பிளாசாவில், மூலையில், மலர் தையலகம் வைத்திருந்தா. சட்டை தைப்பா. அதிகம் வாய் திறக்காத மனிசி. அன்றைக்கும் இரகசியம் போலத்தான் பேசினா.

"அண்ணை, கண்டதைச் சொன்னால் பேர் வெளியில வருமோ?"

"வராது."

"எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை அண்ணை. பள்ளிக்கூடத்தால தனியத்தான் நடந்து வாறவள்."

"வராது எண்டு சொல்லுறனெல்லே. நான் பொறுப்பு."

அவ சுட்டவனின் முகத்தைக் கண்டிருக்கிறா. தையல் மெசினில் இருந்தபடியே, கண்ணாடிக்குள்ளால். நானே என் காரில் ஏற்றி மார்ட்டினிடம் கூட்டிக்கொண்டு போனேன். நாலாம் நாள் ஆளைப் பிடித்தார்கள். குழு தொடங்கி முதல் வெற்றி. யாரால்? மார்ட்டின் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்போது கதிரை இருந்தது எனக்கு. முன்வரிசையில்.

தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ? காணாவிட்டால் சொல்லும்.

பிறகு துஷ்யந்தனின் அந்தியேட்டி வந்தது. அருளம்பலம் நன்றிப் பட்டியலைக் கொண்டுவந்து தந்தான். கண் வீங்கி, முகம் சவரம் செய்யாமல். "ஐயா, ஒருத்தரும் விடுபடக்கூடாது. மனிசி சொல்லிவிட்டவள். உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் விடுபட்டிருந்தால் நீங்களே பார்த்துப் போடுங்கோ" என்றான். கேட்டீரோ? நீங்களே பார்த்துப் போடுங்கோ. அவனுடைய வாயால் வந்த சொல்.

பட்டியலை வாசித்தேன். வெங்காயம் உரித்தவளுக்கு நன்றி. மண்டபத்துக்குக் கதிரை இழுத்தவனுக்கு நன்றி. பொலிசுக்கு நன்றி. இராசமலரின் பெயர் இல்லை. அருளம்பலத்துக்கு அவ செய்த வேலை தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு பெயர் விட்டால் என்ன நடக்கும் என்று உமக்குத் தெரியாது பிள்ளை. நான் தொழில் தொடங்கின வருசம் ஒரு கல்வெட்டில் சபாபதி என்று ஒருவரின் பெயர் விடுபட்டது. தாள் மாற்றும்போது ஒரு வரி போய்விட்டது. பதினாலு வருசம் அந்த மனிதன் என் படி மிதிக்கவில்லை. சாகும்போதும் பிள்ளைகளிடம், என் கல்வெட்டை நல்லதம்பியிடம் கொடுக்காதேயுங்கோ என்று சொல்லிவிட்டுத்தான் செத்தான். அன்றைக்கு எடுத்த சத்தியம். என் அச்சகத்தில் ஒரு பெயரும் விடுபடாது.

போட்டேன். ஒரே ஒரு வரி. 'எமது மகனைச் சுட்டவரை இனங்காட்டி உதவிய திருமதி இராசமலர் தியாகராசா அவர்களுக்கும்.' பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு இராசமலர் இருக்கிறா, தபால் கந்தோரில் வேலை. சனம் குழம்பக்கூடாது என்று பெயருக்குப் பின்னால் 'மலர் தையலகம்' என்றும் சேர்த்தேன். மூன்று தடவை புரூஃப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

முந்நூறு பிரதி. அந்தியேட்டிச் சாப்பாட்டில் எல்லார் கையிலும் கிண்ணமும் கல்வெட்டும். பெடியளும் வந்திருந்தார்கள், இரண்டு பக்கத்துப் பெடியளும். சாவீட்டில் யாரை வராதே என்று சொல்ல? நான் பந்தியில் இருந்து பார்த்தேன். ஒவ்வொருவனாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். சாப்பாட்டுச் சத்தம் நின்றது. நான் நினைத்தேன், இராசமலரை மதிக்கிறார்கள் என்று.

மூன்றாம் நாள் அவ கடைக்கு வந்தா. கையில் கல்வெட்டு. காலையில் கடை திறந்தபோது தையல் மெசினுக்கு மேலே கிடந்ததாம். பூட்டு உடைபடவில்லை, ஆனால் கல்வெட்டு உள்ளே கிடக்கிறது. கடைசிப் பக்கம் திறந்தபடி. அவவின் வரிக்குக் கீழே சிவப்பால் கோடு.

"அண்ணை, நீங்கள் பொறுப்பெண்டு சொன்னனீங்கள்."

"நல்லதுக்குத்தானே பிள்ளை போட்டனான். எவ்வளவு பெரிய வேலை செய்தனீர். பேரில ஏதும் பிழை இருக்கோ பாரும்."

பார்த்தா. கனநேரம் பார்த்தா. "இல்லை அண்ணை. பிழை ஒண்டும் இல்லை" என்றா. போய்விட்டா.

அந்தக் கிழமையே கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பமாக எங்கேயோ போய்விட்டார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ளவும் இல்லை. என் மனிசியின் மூன்று சட்டைத்துணி அந்தக் கடைக்குள்ளேயே கிடக்கிறது. வழக்குக்கு வர மாட்டேன் என்று அவ எழுதி அனுப்பினாவாம். வழக்கு விழுந்தது. பிடிபட்டவன் மாசி மாதம் வெளியே வந்தான்.

மார்ட்டின் வந்தான். கல்வெட்டை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு வந்தான், பாம்பைக் கொண்டுவந்தது போல. யாரோ அவனுக்கு அந்த வரியை மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் மிஸ்டர் நல்லா, ஏன் என்றான். உங்களுடைய ஊரில் உதவி செய்தவருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பெயரைச் சொல்ல மாட்டோம் என்றான். அது நன்றிகெட்டதனம் என்றேன். பையை எடுத்துக்கொண்டான். போகும்போது என் வாசல் நிலையிலும் நெற்றியை இடித்தான். நல்லாக இடிக்கட்டும்.

அடுத்த மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்குப் போனேன். முன்வரிசையில் என் கதிரை இல்லை. இடத்தை அடைத்து வடைத் தட்டை வைத்திருந்தார்கள். ஒரு கடிதம் இல்லை, ஒரு சொல் இல்லை. துண்டுப்பிரசுரம் மூவாயிரம் பிரதி அடித்துக் கொடுத்தவனுக்கு ஒரு கதிரை இல்லை. அன்றைக்கு வந்தவன்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது மண்டபத்துக்குச் சனமும் போவதில்லையாமே. ஆறு பேர் வருகிறார்களாம். வாய் திறக்கிறார்கள் இல்லையாம். நான் இல்லாவிட்டால் அப்படித்தான்.

மனிசி மட்டும் ஒரு கதை சொல்லுவா. "கையை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பேரை நீங்கள்தானே போட்டனீங்கள்." அவவுக்கு அச்சுத்தொழில் தெரியாது. நாற்பது வருசம் தாள் மடிக்கிறா, ஆனாலும் தெரியாது.

இதோ இந்த முக்காலியில் இருந்துதான் மடிப்பா. பாரும். கண்ணாடியில் வெடி போன ஓட்டையையும் முக்காலியையும் ஒரு நேர்கோட்டில் பாரும். சுவரில் அந்தக் காரை பெயர்ந்த இடம். வியாழக்கிழமை தேத்தண்ணி போட உள்ளே எழும்பிப் போனா. போகாவிட்டால்?

அதனால்தான் சொல்லுகிறேன், கையெழுத்து இல்லை. பயமோ என்று கேட்க வேண்டாம். எழுபத்திரண்டு வயது எனக்கு. ஆனால் அவ இந்த முக்காலியில்தான் இருக்கவேண்டும்.

என்ன? இராசமலருக்கும் ஒரு பிள்ளை இருந்தது என்கிறீரோ? அது வேறு. இது வேறு. எப்படி வேறு என்று உமக்கு விளக்க எனக்கு நேரம் இல்லை.

பெயர் வெளியே வராது என்கிறீர். நீரே பொறுப்பு என்கிறீர். பொறுப்பு என்று சொல்லுகிறவர்களை எனக்குத் தெரியும் பிள்ளை. ஒருவரையும் நம்ப ஏலாது.

எனக்குக் கோபம் வருவது அதற்கில்லை. வந்தவனின் துணிச்சலைப் பாரும். நடுப்பகல். எறிக்கிற வெய்யிலில் கறுத்த தொப்பிச் சட்டை. வெள்ளி நிறக் காரைக் கொண்டுவந்து சக்கர நாற்காலிக்காரருக்கு விட்ட இடத்தில் நிறுத்துகிறான். ஒரு மரியாதை இல்லை. இடக்கையால் கதவைத் திறந்தான், இடக்கையால் சுட்டான். தகப்பனும் இடக்கைதான். தகப்பனின் கல்வெட்டும் நான்தான் அடித்தேன். அன்றைக்கு இவன் இதே முக்காலியில் இருந்து, என் மனிசி கொடுத்த பிஸ்கற்றைத் தின்றான். ஒன்பது வயது. சுட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அச்சகத்து ஐயா என்று ஒரு வெட்கம்கூட—

என்ன எழுதுகிறீர்?

நிறுத்தும். நான் மேசைக்குக் கீழே இருந்தேன். மேசைக்குக் கீழே இருந்தாலும் கார் தெரியும். எழுதாதேயும் என்கிறேன். தாரும் அந்தத் தாளை. கிழித்துப் போடுகிறேன். தாரும்.

கண்ணாடி எங்கே? மூக்கில் இருக்கிறது. சரி.

தமிழில் எழுதியிருக்கிறீர். எழுத்துப் பரவாயில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்போ? ஆனால் கவனம் இல்லை. 'சாம்பல் நிறக் கார்.' யார் சொன்னது சாம்பல் என்று? வெள்ளி என்றேன். சாம்பல் கார் இந்த நகரத்தில் பத்தாயிரம் ஓடும். 'காலை பதினொரு மணி.' பதினொன்றரை. அரை மணித்தியாலத்தில் வழக்கு விழும். அந்தச் சிவப்புப் பேனையை எடும். அது இல்லை, பக்கத்தில் இருப்பது. 'கதவைத் திறந்து சுட்டார்.' இடக்கை எங்கே? அதுதான் முக்கியம், அதை விட்டுவிட்டீர். இப்படியோ ஒரு சாட்சியம் எழுதுவது? இதைக் கொண்டுபோனால் நீதிமன்றத்தில் சிரிப்பார்கள்.

'ஒருவர்' என்று போட்டிருக்கிறீர். யார் அந்த ஒருவர்? வெட்டும். நானே வெட்டுகிறேன். ரொஷான். பாரும், இரத்தினத்தின் மகனும் ரொஷான்தான். அவன் நல்ல பெடியன், படிக்கிறவன். குழம்பினால் பாவம். தர்மகுலசிங்கம் ரொஷான். தகப்பனின் பெயரோடுதான் எழுதவேண்டும். இந்தாரும். இப்போது பிழை இல்லை.

கையெழுத்தோ? அதுதான் முதலே சொன்னேனே. திருத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான். திருத்தினவன் சாட்சி இல்லை. இந்தச் சிவப்பெழுத்து என் எழுத்து என்று யாருக்குத் தெரியும்? அருளம்பலத்துக்குத் தெரியும். இரத்தினத்துக்குத் தெரியும். புரூஃப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். அது போகட்டும். மடித்து உள்ளே வையும். வாசலால் வேண்டாம், பின் கதவால் போம். காரை எங்கே விட்டீர்? நல்லது.

ஒன்று. குழுவின் வருசப் புத்தகத்தை இந்தமுறை வேறு அச்சகத்தில் கொடுத்திருக்கிறீர்களாம். கொடுங்கோ. கடைசிப் பக்கத்தில் நன்றி போடுவீர்கள். போடாமல் விட மாட்டீர்கள், எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். அதில் என் பெயர் வரக்கூடாது. அச்சகத்தின் பெயரும் வரக்கூடாது. 'ஒரு நலன்விரும்பி' என்றும் வரக்கூடாது. அடிக்க முன்னம் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து எனக்குக் காட்டும். நான் பார்க்கவேண்டும்.

மூன்று தடவை பார்க்கவேண்டும்.